கிருமி நீக்கிய பஞ்சு

மார்ச் 3, திங்கள்

இன்று நான் சொல்லாதது: "சார், இந்தத் தண்ணியில மீன் பிழைக்காது."

பதிலாகச் சொன்னது: "அழகா இருக்கு சார்."

எங்கள் பல் மருத்துவமனைக்கு மீன்தொட்டி வந்துவிட்டது. மீனைப் பார்த்துக்கொண்டிருந்தால் நோயாளிகளுக்குப் பயம் குறையும் என்று டாக்டர் எங்கோ படித்திருக்கிறார். ஊசியைச் சிறிதாக்குவதைவிட இது சுலபம்தான். மூன்றடித் தொட்டி, கூழாங்கல், ஒரு மரத்துண்டு, நாலு கட்டு பச்சைச் செடி, மூலையில் பஞ்சு வைத்த வடிகட்டி. பத்து மணிக்குத் தண்ணீர் நிரப்பினார்கள். பதினோரு மணிக்குப் பன்னிரண்டு மீன் உள்ளே.

புதுத் தொட்டியை ஒரு மாதமாவது மீன் இல்லாமல் ஓடவிட வேண்டும். மீன் கழிவின் நஞ்சைத் தின்னும் நுண்ணுயிர்கள் பஞ்சிலும் கல்லிலும் குடியேற அவ்வளவு நாள் ஆகும். தொட்டி வரப்போகிறது என்று தெரிந்ததிலிருந்து இதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். படித்தது தலையிலிருந்து வாய்க்கு இறங்கவில்லை. நாலங்குலப் பயணம். வழியில் எங்கோ தங்கிவிட்டது.

"இனி இது உன் பொறுப்பும்மா," என்றார் டாக்டர். "இது நல்லா இருந்தா நீயும் நல்லா இருப்பே." சிரித்தார். நானும் சிரித்தேன். ஏப்ரல் முப்பதோடு என் ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிகிறது. வரவேற்பு மேசை எனக்கா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர். இதற்கு முன்னால் பதினான்கு மாதம் வீட்டில் இருந்தேன். அம்மாவின் மொழியில், "புக்கு மேல புக்கா படிச்சுக்கிட்டு."

மார்ச் 5

மீன்களுக்கு இன்று எட்டு வேளைச் சாப்பாடு. டாக்டர் மூன்று முறை, நோயாளிகள் ஐந்து முறை. பல் பிடுங்க வந்தவர்களுக்கு யாரையாவது சாப்பிட வைத்துப் பார்க்க ஆசையாக இருக்கும் போல.

மார்ச் 6

மூன்று செத்தன.

மார்ச் 10

பன்னிரண்டும் போயிற்று. கடைசி மீனைச் சின்ன வலையால் நான் எடுத்தபோது, வேர்ச் சிகிச்சைக்குக் காத்திருந்த அம்மாள் கேட்டார்: "இங்கே எல்லாருக்கும் இப்படித்தானா?"

மாலையில் மீன்கடைக்குப் போனேன். கடைக்காரர் கைபேசியில் பந்து உருட்டிக்கொண்டிருந்தார். அண்ணா, புதுத் தொட்டி என்று தெரிந்துதானே மீனை விற்றீர்கள் என்று கேட்டேன்.

"கேட்டாங்க, குடுத்தேன். வேணாமான்னு யாரும் கேக்கலியே."

கேட்டால்தான் வாய் திறக்கும் என் இனத்தைச் சேர்ந்தவர். கோபப்பட முடியவில்லை.

மார்ச் 11

டாக்டரிடம் சொன்னேன். வாயால் அல்ல, காகிதத்தில். ஒரு மாதம் மீன் கிடையாது, தினமும் ஒரு சிட்டிகை இரையை வெறும் தொட்டியில் போட வேண்டும், அது அழுகி நுண்ணுயிரை வளர்க்கும், சோதனைக் குழாயில் அம்மோனியா, நைட்ரைட் என்ற இரண்டு நஞ்சின் அளவும் பூஜ்யம் காட்டிய பிறகுதான் மீன். எல்லாம் எழுதி அவர் மேசையில் வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன். ஓரத்தில் 'சரி' என்று எழுதித் திருப்பி அனுப்பினார். முதல் நாளே செய்திருந்தாலும் இவ்வளவுதான் வேலை. ஒரு தாள்.

மார்ச் 14

காலை ஒன்பது மணி. நிறைந்த காத்திருப்பு அறை. எல்லோரும் பார்க்க, மீன் இல்லாத தொட்டிக்கு இரை போட்டேன்.

முன்வரிசைப் பெரியவர் வாயைத் திறந்தார். உள்ளே ஒரு பல்கூட இல்லை. "நீ மீனில்லாத தொட்டிக்குச் சாப்பாடு போடறே. எனக்கு உங்க டாக்டர் புது பிரஷ் குடுத்திருக்காரு. பொருத்தமாத்தான் இருக்கு."

மார்ச் 22

செடி இலைகள் கண்ணாடிபோல் ஆகி உருகி விழுகின்றன. இடம் மாறினால் முதலில் அப்படித்தானாம்; பழைய இலையை விட்டுவிட்டு இந்தத் தண்ணீருக்கு ஏற்ற புது இலை விடுமாம். நான் இங்கே வந்து ஐந்து மாதம் ஆகப்போகிறது. இன்னும் பழைய இலைதான்.

எங்கிருந்தோ ஒரு நத்தை வந்திருக்கிறது. நேர்முகத் தேர்வு இல்லாமல்.

மார்ச் 29

சிஸ்டரால் தாங்க முடியவில்லை. இருபத்திரண்டு வருடமாக இந்த இடத்தின் தலைமை நர்ஸ். கதவுக் கைப்பிடியைத் துடைத்த துணியையும் துடைப்பவர். தொட்டிச் சுவரில் படிந்த பழுப்பைக் காட்டி, "இது என்னது?" என்றார்.

நுண்ணுயிர், சிஸ்டர். நல்லது.

என்னை அவர் பார்த்த பார்வையில் இருந்தது பரிதாபம். அதற்கு மேல் விளக்கியிருக்கலாம். பஞ்சைப் பற்றி, கல்லைப் பற்றி. அதற்குள் தொலைபேசி அடித்தது. தொலைபேசிக்கு நான் இவ்வளவு நன்றியோடு ஓடியது அதற்கே வியப்பாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 10

பூஜ்யம். பூஜ்யம். மூன்று முறை பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் இதே எண்ணுக்கு அழுதிருக்கிறேன்.

ஏப்ரல் 12

பத்து மீன். நீலக் கோடு போட்டவை. செடிகளில் புது இலை வந்திருக்கிறது, அதற்குள் கூட்டமாகப் போய்வருகின்றன. ஒரு சின்னப் பெண் அவற்றைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தாள். டாக்டர் அதைத் தன் வெற்றியாக எடுத்துக்கொண்டு எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். ஏப்ரல் முப்பது நன்றாகத்தான் இருக்கும் போல.

ஏப்ரல் 18

ஆறு நாள், பத்து மீன். டாக்டர் ஏதோ மாநாட்டுக்குப் போயிருக்கிறார், புதன் வருவார். இன்று கிண்டலுக்கு எதுவும் அகப்படவில்லை. கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது.

ஏப்ரல் 21, திங்கள்

காலையில் வந்தால் எல்லாம் மேலே வாயைத் திறந்துகொண்டு மூச்சுக்குத் தவிக்கின்றன. தொட்டி — தொட்டி ஜொலிக்கிறது! கல்லெல்லாம் வெள்ளை வெளேர்னு. வடிகட்டியைத் திறந்தேன். பஞ்சு புதுசு மாதிரி இருந்தது. வெந்த வாசனை.

ஞாயிற்றுக்கிழமை சிஸ்டர் வந்து மருத்துவமனை முழுக்கச் சுத்தம் செய்திருக்கிறார். தொட்டியையும். கல்லை வெந்நீரில். பஞ்சை, பல் கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் போட்டு, நூற்றிருபத்தொரு டிகிரியில், இருபது நிமிடம். ஐயோ. ஒரு மாசம்! ஒரு மாசமா வெறும் தொட்டிக்குச் சோறு போட்டு வளர்த்தேனே!

அவரே வந்து காட்டினார். "எவ்வளவு கறுப்பு தெரியுமா அதுல? நீ சின்னப் பொண்ணு, உனக்குத் தெரியல. விடு, நான் பாத்துட்டேன்."

பாதித் தண்ணீரை மாற்றிவிட்டுக் கடைக்கு ஓடினேன். கடைக்காரர், முதல்முறையாகக் கைபேசியைக் கீழே வைத்துவிட்டு, தன் பழைய தொட்டியிலிருந்து ஒரு பஞ்சை எடுத்துப் பாலிதீன் பையில் போட்டுக் கொடுத்தார். சாக்கடை அடைப்பை எடுத்த மாதிரி இருந்தது.

வாசலில் சிஸ்டர். கையை நீட்டி வழியை மறித்தார்.

"இது உள்ள வராது."

"வரணும் சிஸ்டர்."

"நான் இங்க இருக்கற வரைக்கும் வராது. பாரு எப்படி நாறுதுன்னு."

"நேத்து நீங்க வேகவெச்சது இதைத்தான். இது இல்லாம அதுங்களோட கழிவே அதுங்களைக் கொன்னுடும். அப்ப இருந்தது அழுக்கு இல்ல சிஸ்டர். அதுதான் அதுங்களைக் காப்பாத்திட்டிருந்தது. நான்தான் உங்ககிட்ட முன்னாடியே சொல்லல."

கை இறங்கியது. பிறகு கையுறை மாட்டினார், முகக்கவசம் மாட்டினார், பையை வாங்கினார். இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக அழுக்கைத் தன் கையால் உள்ளே கொண்டுபோனார். முகத்தில் பாதி மறைந்திருந்தது நல்லதாயிற்று.

ஏப்ரல் 22

ஆறு செத்தன. நாலு இருக்கின்றன.

ஆட்டோகிளேவ் பதிவேட்டைப் புரட்டினேன். ஏப்ரல் 20: கண்ணாடி 8, இடுக்கி 6, வடிகட்டிப் பஞ்சு 1. கீழே அழகான கையெழுத்து. மறைக்கத் தோன்றாத மனுஷி.

இந்தப் பக்கத்தைக் காட்டினால் என் மேசை எனக்கு.

ஏப்ரல் 23, புதன்

"பத்து விட்டோமே? நாலுதானே இருக்கு?" ஊரிலிருந்து திரும்பிய டாக்டர் கேட்டார்.

பஞ்சு அதிகமாகச் சுத்தமாகிவிட்டது என்றேன்.

"யார் பண்ணது?"

சிஸ்டர் தட்டில் கருவிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினார். திரும்பவில்லை. நானும் சொல்லவில்லை.

"உன் பொறுப்புன்னு சொன்னேன்ல?"

"ஆமா சார்."

"ம்."

பெருந்தன்மை என்று இங்கே எழுதிக்கொள்ளலாம், யார் பார்க்கப்போகிறார்கள். ஆனால் அந்த நொடியில் வாயில் தொங்கியது மார்ச் மூன்றாம் தேதி இருந்த அதே பூட்டு. சிஸ்டரைக் காப்பாற்றினேனா, என் பழக்கத்தைக் காப்பாற்றிக்கொண்டேனா? எனக்குத் தெரியவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 24

காலையில் சிஸ்டர் பதிவேட்டோடு டாக்டர் அறைக்குப் போனார். கதவு சாத்தியிருந்தது. டாக்டர் பெரிதாகச் சிரிப்பது வெளியே கேட்டது. என் வேலையைத் தின்ன வந்த விஷயம், சிஸ்டருக்கு ஒரு சிரிப்போடு முடிந்தது. வெளியே வந்தவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நேத்தே சொல்லியிருக்கணும். வாய் வரல."

உங்களுக்குமா, சிஸ்டர்.

பிறகு என்னைக் கூப்பிட்டார் டாக்டர். "நீ ஏம்மா நேத்து சொல்லலே?"

தெரியவில்லை என்றேன். அதோடு நிற்காமல் முதல் பன்னிரண்டையும் சொன்னேன். தண்ணீர் தயாராக இல்லை என்று அன்றைக்கே தெரியும், தெரிந்துதான் அழகாக இருக்கிறது என்றேன் என்று.

"சொன்னா நீங்க கேட்டிருப்பீங்களா சார்?"

யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "கேட்டிருக்க மாட்டேன்," என்றார். பிறகு, "ஆனா அது என் தப்பு. இது வேற. நாளைக்கு ஒருத்தருக்கு ஒரு மருந்து ஒத்துக்காதுன்னு உனக்குத் தெரியுது, நான் அதையே எழுதறேன்னு வெச்சுக்கோ. நீ அழகா இருக்கு சார்னு சொல்லுவியா?"

வீடு வந்து, சாப்பிட்டு, அவர் கேட்டதை அப்படியே இங்கே எழுதிவைக்கிறேன்.

ஏப்ரல் 30

மேசை எனக்கு இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மரியாதையாகத்தான். வேறு ஆள் கிடைக்கும்வரை இருக்கச் சொன்னார்.

அம்மாவிடம் சொன்னேன். "அந்த மீனாலதானே?" என்றாள். "இல்லம்மா, என்னாலதான்." அதற்கு மேல் அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மே 24

எனக்குப் பதிலாக வந்த பெண்ணுக்கு ஒரு வாரமாகத் தொட்டியைக் காட்டுகிறேன். எவ்வளவு இரை, எப்போது தண்ணீர் மாற்றுவது, பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே லேசாக மட்டும் பிழிய வேண்டும் என்பது. திருப்பிச் சொல்ல வைத்தேன். அவள் எதையும் உள்ளே வைத்துக்கொள்வதில்லை. முதல் நாளே டாக்டரைக் கேட்டாள்: "இவ்ளோ பெரிய தொட்டிக்கு நாலே மீனா சார்? கஞ்சத்தனமா இல்ல?" அவர் ரசித்தார்.

சாவியைக் கொடுத்தேன். சிஸ்டர் வாசல்வரை வந்தார். கையுறையைக் கழற்றிவிட்டுக் கையைக் கொடுத்தார்.

ஜூன் 9, திங்கள்

கண் மருத்துவமனை. பதிவு மேசை. இங்கும் ஆறு மாதம் பார்ப்பார்களாம்.

முதல் நாள். பதினேழாம் எண் சீட்டில் பெரிய டாக்டர் இடது கண் என்று எழுதியிருந்தார். அந்த ஆள் வலது கண்ணைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து உள்ளே போய்ச் சொன்னேன். மாற்றி எழுதினார்.