நடந்து வருகிறவர்கள் வாசல்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் தொலைந்து போகவில்லை. புத்தியும் கெட்டுப் போகவில்லை. வேளைக்குச் சாப்பிடுகிறேன், கால் இரண்டும் நன்றாக இருக்கின்றன. நீயும் மருமகளும் குழந்தையும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு பேச்சை ஆரம்பித்தால் அதை நீதான் முடிக்கிறாய். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது. அஞ்சாம் வகுப்புக் கையெழுத்து, பொறுத்துப் படி. நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரம்மாவிடம் சைகையில் சொல்லி வைத்திருக்கிறேன், படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவாள்.

நேற்று உன் சித்தி கூப்பிட்டாள். "என்னக்கா, மாமா போனதுல உனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சாமே, வழியில எறங்கிக்கிட்டு வரமாட்டேன்னு அடம் புடிக்கிறியாமே" என்றாள். யார் சொன்னது என்றேன். உன் பெயரைச் சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என்னிடம் ஒரு வார்த்தை "ஏம்மா?" என்று கேட்டாயா? கேட்காமல் பெற்றவளுக்குப் பைத்தியக்காரப் பட்டம் கட்டி ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டாய். நல்லா இருக்குடா உன் நியாயம்!

சரி, நடந்ததைச் சொல்கிறேன், கேள்.

நான் உட்கார வீல்சேர் வேண்டும் என்று டிக்கெட்டிலேயே எழுதி வைத்தது நீ. நம் சொந்தத்தில் பிள்ளையிடம் போகிற அம்மாக்கள் எல்லாருமே இப்படித்தான் போகிறார்கள். வீட்டிலிருந்து நடந்து கிளம்பி, ஏர்போர்ட் வாசலில் கால் விளங்காமல் போய், பிள்ளை முகத்தைப் பார்த்ததும் எழுந்து நடக்கிறார்கள். கோயிலில்கூட இப்படி அற்புதம் நடக்காது. எனக்குக் கழுத்தில் ஓர் அட்டை வேறு. என் பெயர், உன் நம்பர், இந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது என்று. ஆட்டுக்குக்கூட மணிதான் கட்டுவார்கள், ஆட்டுக்கு என்னென்ன தெரியாது என்று எழுதித் தொங்கவிட மாட்டார்கள். இருந்தாலும் நீ சொன்னாயே என்று கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

விமானம் மாறுகிற இந்த ஊரில் ஒருவன் என்னைத் தள்ளிக்கொண்டு வந்து, இன்னும் நாலைந்து அம்மாக்களோடு ஓரமாக வரிசையில் விட்டான். லாரி ஷெட்டில் வண்டி நிறுத்துவது மாதிரி. ஏதோ சொல்லிவிட்டுப் போனான். எதிரேதான் என் விமானத்துக்குப் போகிற கதவு. என் டிக்கெட்டில் இருந்த நம்பரும் அங்கே எரிந்த நம்பரும் ஒன்று. நம்பர் தெரியாதவளா நான்? ஜனங்கள் வரிசையில் நின்றார்கள், உள்ளே போனார்கள், வரிசை தீர்ந்தது, கதவைச் சாத்தினார்கள். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அந்த நாற்காலியின் மெத்தையில் தையல் விட்டிருந்தது. பட்டறையில் சீட் கவர் தைத்த கை சும்மா இருக்குமா, அந்த நூலை இழுத்து இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். ஏன் எழுந்திருக்கவில்லை என்று கேள். "என்ன ஆனாலும் எந்திரிச்சிடாதம்மா, அவங்களே தள்ளிட்டுப் போவாங்க" என்று நீ சொல்லியிருந்தாய்.

அங்கே தரை துடைக்கிற பெண் ஒருத்தி என் அட்டையைப் பார்த்துவிட்டு வந்தாள். தமிழ் பேசினாள். "ஏம்மா, உங்க பிளைட்டுதானே அது? கால் வலியா?" என்றாள். கால் நல்லாத்தான் இருக்கு என்றேன். "அப்புறம் எதுக்கு உட்கார்ந்திருக்கீங்க, மெத்தை சொகமா இருக்கா?" என்றாள். வெட்கம் பிடுங்கித் தின்றது எனக்கு. மெத்தையும் நைந்த மெத்தை.

அவள்தான் என்னைக் கவுண்ட்டருக்கு அழைத்துப் போனாள். உனக்கும் அங்கிருந்துதான் போன் போட்டார்கள். தள்ளினவனையும் கம்பெனியையும் திட்டித் தீர்த்தாய், சரி. அதற்கப்புறம் என்னிடம் என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? "நாளைக்குப் பிளைட்ல ஏத்தி விடுவாங்க, அதுவரைக்கும் வீல்சேர்ல இருந்து எந்திரிக்காத." மறுபடியும்! அந்த நாற்காலியில் உட்கார்ந்ததால்தானே விமானம் போனது? போனை வைத்துவிட்டு, கழுத்து அட்டையைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டேன். நாளைக்கு வேண்டாம், அடுத்த வாரத்துக்கு மாற்றித் தரச் சொல் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "பையன் வைவாரேம்மா" என்றாள். வையட்டும் என்றேன். இப்படித் தங்கிப் போகிறவர்கள் ஊருக்குள் போய்வரப் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்திக் கொடுக்கிறார்கள். அவளுக்குத் தெரிந்த அம்மா வீட்டு மாடியில் ஓர் அறை. செலவு என் தையல் காசு, நீ கவலைப்படாதே.

கோபத்தில் செய்தேன் என்று நினைக்கிறாய். கோபம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கிளம்புவதற்கு முதல் நாள் நீ போனில் சொன்னதை யோசித்துப் பார். "இங்க வந்து அப்பாவை நெனச்சு அழுதுகிட்டே இருக்காதம்மா, கொழந்தை பயப்படும்." அன்றைக்குச் சரிப்பா என்றேன். விமானத்தில் வரும்போது நெஞ்சுக்குள் அதுவே ஓடியது. அழக்கூடாத வீட்டுக்குப் போகிறேனே, இதை எங்கே இறக்கி வைத்துவிட்டுப் போவது?

நம் வீட்டிலும் அழ விடவில்லையே. உன் அப்பா மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வந்தவர்கள் எல்லாரும் என்னைப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள். அழுதால் "பையனுக்காகத் தேத்திக்கோ" என்றார்கள், அழாவிட்டால் "அழுதுடு, இல்லேன்னா நெஞ்சடைச்சிடும்" என்றார்கள். நீ வந்தாய், போனும் கையுமாக நின்றாய். அவர் ஓட்டின லாரியை விற்றாய், சரி, ஓட்ட ஆள் இல்லை. ஆனால் அவர் சட்டைகளை மூட்டை கட்டிக் கொடுத்தாயே, யாரைக் கேட்டுக் கொடுத்தாய்? நான் சமையல்கட்டில் இருந்தேன், பத்தடி தூரம். "பார்த்தா அம்மாவுக்குக் கஷ்டமா இருக்கும்" என்று நீயே முடிவு செய்தாய். எனக்கு எது கஷ்டம் என்று எனக்குத் தெரியாதா? கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஒரு காக்கிச் சட்டைதான் உன் கண்ணில் படாமல் தப்பித்தது. இந்த ஊர்க் குளிருக்கு அதைத்தான் புடவை மேல் போட்டுக்கொண்டு திரிகிறேன். பார்க்கிறவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும்.

உன் அப்பா வண்டிக்காரர். ஊர் ஊராகப் போனார். வந்து கதை சொல்வார், நான் கேட்பேன். இரண்டு பேரும் வெளியே போனால் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நடப்பேன், தெருப் பெயர் ஒன்றும் எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியிருக்கவில்லை. இங்கே முதல் நாள் தெருமுனைக்குப் போய்த் திரும்பத் தெரியாமல் நின்றேன். முன்னால் முதுகு இல்லை. அன்றைக்கு வந்த பயம் உன் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட வரவில்லை. அப்புறம் பழகிவிட்டேன். தலையில்லாத பொம்மைக்குப் பச்சை கவுன் மாட்டியிருக்கும் கடையில் திரும்பினால் என் தெரு. ஒரு நாள் அந்தப் பொம்மைக்குச் சிவப்பு கவுன் மாட்டிவிட்டார்கள், தெருவைத் தாண்டிப் போய் அரை ஊர் சுற்றினேன். சிரிக்காதே. திரும்பி வந்தேன் அல்லவா? பஸ்ஸில் ஏறி டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து கடைசி நிறுத்தம் வரை போய், அதே பஸ்ஸில் வந்தேன். டிரைவர் என் காக்கிச் சட்டையைப் பார்த்து சலாம் வைத்தார். நானும் வைத்தேன்.

நான் இருக்கும் மாடிக்குக் கீழே காசு போட்டுத் துணி துவைக்கும் கடை. வரிசையாக மெஷின்கள், கண்ணாடிக் கதவுக்குள் துணி சுற்றும். சத்தமான சத்தம். அங்கே போய் உட்கார்ந்துதான் அழுகிறேன். யாரும் தேற்றவில்லை, யாரும் பயப்படவில்லை. முந்தாநாள் போர்வையை உருவி எடுத்து மடிக்கப் பார்த்தேன். நம் வீட்டில் போர்வை மடிப்பது எப்போதும் இரண்டு பேர் வேலை, உனக்கே தெரியும். அவர் இரண்டு முனை, நான் இரண்டு முனை, உதறிக் கிட்டே வருவோம். தனியாக மடிக்க எனக்கு வரவில்லை, தரையில் இழுபட்டது. பக்கத்தில் நர்ஸ் உடுப்பில் இருந்த ஒரு பெண் எழுந்து வந்து மறு முனைகளைப் பிடித்தாள். உதறினோம். கிட்டே வந்தோம். என் கையில் கொடுத்துவிட்டுத் தன் துணியைப் பார்க்கப் போய்விட்டாள். மொழி தெரியாதவள். அவளுக்குத் தெரிந்தது உனக்குத் தெரியவில்லையே என்றுதான் எனக்கு ஆத்திரம்.

உன் அப்பா ஒன்று சொல்வார், நீயும் சின்ன வயதில் கேட்டிருப்பாய். "கண்ணு கலங்குனா வண்டிய ஓரங்கட்டிடணும். பெரிய வீரனாட்டம் ஓட்டக் கூடாது, எதிர்ல வர்றவனையும் சேத்துக் கொன்னுடுவ." நான் ஓரங்கட்டியிருக்கிறேன், அவ்வளவுதான். இது பைத்தியம் இல்லை. உன் சித்திக்கும் இதையே சொல்லிவிடு.

ஞாயிற்றுக்கிழமை விமானத்துக்கு வருகிறேன். வீல்சேர் வேண்டாம் என்று எழுத வைத்துவிட்டேன். அங்கே நீ மற்றப் பிள்ளைகள் மாதிரி வீல்சேர்கள் வரும் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்காதே. நடந்து வருகிறவர்கள் வாசலில் நில். காக்கிச் சட்டை போட்டிருப்பேன். குழந்தை "யார் சட்டை பாட்டி?" என்று கேட்டால் சொல்வேன். அழுகை வந்தால் அழுவேன். பயப்பட்டால் மடியில் வைத்துக்கொள்கிறேன், அழுகிற பெரியவர்களைப் பார்த்துப் பிள்ளைகள் செத்துப்போவதில்லை.

திட்டித் தீர்த்தாயிற்று. ஒன்று மட்டும் மிச்சம். உன் அப்பா போய் இத்தனை நாளில் உன் கண்ணில் ஒரு சொட்டு நான் பார்க்கவில்லை. போனில் கத்தத்தான் கத்துகிறாய். நீயும் கண் கலங்கினபடியே வண்டி ஓட்டுகிறாயோ என்று இங்கே வந்த பிறகுதான் தோன்றுகிறது. நல்லா இருப்பாய், சாமி. உங்கள் வீட்டில் பெரிய போர்வை ஒன்று துவைத்துப் போட்டிரு, மடிக்காதே. நான் வந்ததும் ஒரு பக்கம் நீ பிடி.

உன்
அம்மா