கல்லும் கண்ணாடியும் விற்ற கடை

நேற்று நீ கீறிய படத்தை விற்றுவிட்டேன்.

அதே ஃபிரீசர் மட்டைதான். ஆள் உயரம், நடுவில் ஒரு மடிப்பு, ஒரு மூலையில் எலி கடித்த அடையாளம். அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் சுவரோடு சாத்திக் கிடந்ததை இழுத்து வெளியே எடுத்தபோது மிளகாய்த்தூள் வாசம் ஏறித் தும்மினேன். வாங்க வந்த பெண்ணும் தும்மினாள். எங்கள் பேரம் தும்மலில்தான் தொடங்கியது.

நீ போய் ஒன்பது மாதமாகிறது. செத்தவீட்டில் உன்னைப் பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். சாப்பாட்டு ஒழுங்கைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி நழுவிவிட்டேன். பேசியிருந்தால் இந்த மட்டையின் கதையைச் சொல்லியிருக்க வேண்டும்; அன்றைக்கு அதற்கு எனக்கு வாய் வரவில்லை. நேற்று நடந்ததற்குப் பிறகு கை பரபரக்கிறது. யாருக்காவது சொல்லியே ஆகவேண்டும். சொன்னால் முழுதாக விளங்கக்கூடிய ஆள் நீதான்.

அந்தச் சனிக்கிழமை உனக்கு நினைவிருக்கும். உலகத்துப் பெரிய பணக்காரர்கள் இந்த நாட்டு மலையூர் ஒன்றில் மாநாடு கூடுகிற குளிர்காலம். அதற்கு எதிராக நொஷாட்டல் ஸ்டேஷனிலிருந்து ஏரிவரைக்கும் ஊர்வலம் வரும், எங்கள் தெருவால்தான் இறங்கும் என்று ஒரு கிழமையாகப் பேச்சு. எல்லாக் கடைக்காரரும் கல்லெறிக்குப் பயந்து கண்ணாடிக்குப் பலகை அடித்தார்கள். கடை தொடங்கி எனக்கு இரண்டே வருடம். பலகைக்கும் தச்சனுக்கும் கொடுக்க மனம் வரவில்லை. மீன் போடுவதற்கு வாங்கிய புது ஃபிரீசர் வந்த மட்டைப்பெட்டி கிடந்தது. அதை விரித்து வெளிப்பக்கமாகக் கண்ணாடியில் கட்டினேன். நீ லா ஷோ-து-ஃபோனிலிருந்து காலை ரயிலில் வந்து இறங்கினாய். கிழமை முழுவதும் மணிக்கூட்டு ஃபக்டரியில் முள் பூட்டுகிற உன் கைக்குச் சனிக்கிழமையில் பெரிதாக ஏதாவது கீறவேண்டும். அது எனக்குத் தெரியும். மட்டையைக் கண்டதும் உன் கண் மாறிவிட்டது.

நான்தான் கேட்டேன். ஊரில் புதுவீடு கட்டும்போது கண்ணூறு படாமல் வெருளி கட்டித் தூக்குவார்களே, அப்படி ஒரு மூஞ்சையைக் கீறிவிடு, கல்லெறிகிறவன் கண் கடையில் படக்கூடாது என்றேன். விலை எழுதுகிற கறுப்பு மார்க்கரையும் சிவப்பு மார்க்கரையும் எடுத்துக்கொண்டு வெளியே போனாய். நான் உள்ளே ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தேன். ஒரு மணித்தியாலம் கழித்து வந்து பார்த்தால் வெருளி இல்லை. ஒரு கடை. நடுவில் பெரிய தராசு. ஒரு தட்டில் கருங்கல், மறு தட்டில் சன்னல் கண்ணாடி. கல்லை வாங்க முகமூடி போட்ட பொடியன் நிற்கிறான். கண்ணாடியை வாங்கக் கோட்டும் டையும் கட்டின கனவான் நிற்கிறார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் காசை நீட்டுகிறார்கள். கல்லுக் கூடையில் பிரெஞ்சில் ‘இன்று மலிவு’ என்று எழுதியிருக்கிறது. நடுவில் கடைக்காரன், பல்லெல்லாம் தெரிய.

நல்லாயிருக்கு என்றேன். உண்மையாகவே எனக்கு விளங்கவில்லை. மரவள்ளிக்கிழங்கு வாங்க வந்த ஒரு தங்கச்சி படத்துக்கு முன்னால் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அண்ணை, காதிலை பேனை கூட அப்பிடியே இருக்கு.”

காதைத் தொட்டுப் பார்த்தேன். பேனை இருந்தது. மீசையும் என் மீசைதான். உன்னிடம் பாய்ந்தேன். நீ மார்க்கரை மூடிக்கொண்டு சாவகாசமாகச் சொன்னாய்.

“வெருளிக்கு ஒரு முகம் வேணுமெல்லோ. கிட்ட நிண்ட முகத்தை எடுத்தன். வெருளி எண்டால் எல்லாரும் அதைப் பாக்கவேணும், வீட்டைப் பாக்கக் கூடாது. பார், மச்சான், நடக்குதோ இல்லையோ எண்டு.”

கீழே வலப்பக்கம் உன் பெயரையும் ஊரையும் தமிழில் எழுதிக் கோடு இழுத்திருந்தாய். அழிக்க நேரமில்லை. மேளச் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது.

என்ன கூட்டம்! பொம்மைகள், கொடிகள், சட்டியும் பானையும். அவ்வளவு சனமும் எங்கள் கடைக்கு முன்னால் வந்து தேங்கி நின்றது. முன்னால் நின்றவர்கள் படத்தை வாசித்துப் பின்னால் நின்றவர்களுக்குச் சொன்னார்கள். சிரிப்பு வரிசையாகப் பின்னுக்குப் போனதை நான் கதவிடுக்கால் பார்த்தேன். ஒருத்தி கோபப்பட்டாள்: நாங்கள் கல் வாங்க வந்தவர்களா? அவளோடு வந்தவனே அவளை மறித்தான்: கண்ணாடி வாங்குகிறவனைப் பார், படம் அவனைத்தான் அடிக்கிறது. இல்லை, கடைக்காரனைத்தான் அடிக்கிறது என்றான் மூன்றாமவன். ஊர்வலம் போகிற வேலையை விட்டுவிட்டு என் வாசலில் பட்டிமன்றம் நடத்தினார்கள். குளிர் வேறு. ரோல்ஸ் வாசம் வெளியே போயிருக்க வேண்டும். கதவைத் திறந்து தட்டை நீட்டினேன். தேத்தண்ணீரும் ரோல்சும் கால் மணித்தியாலத்தில் முடிந்தன. இரண்டாம் தரம் பொரித்ததைப் பின்னால் வந்த பொலிஸ்காரர்கள் வாங்கினார்கள். அவர்களில் ஒருவர் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, கடைக்குள் கல் வைத்திருக்கிறீர்களா என்று சிரிக்காமல் கேட்டாரே! நீ அதைவிடச் சிரிக்காமல், பருப்பு மூட்டைக்குள் கொஞ்சம் இருக்கும், பொறுக்கித் தரவா என்று பிரெஞ்சில் கேட்டாய். பிறகு என் பக்கம் திரும்பினாய்.

“நான் கீறினது சரியாப் போச்சு, முதலாளி. ரெண்டு பக்கமும் வித்துப்போட்டாய்.”

எனக்குக் கோபம் வரவில்லை. அப்படி ஒரு வியாபாரம் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. என் கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. பக்கத்துச் சப்பாத்துக் கடையில் மட்டும், பலகை மூடாத மேல் கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது.

அதோடு நிறுத்தியிருந்தால் நல்ல கதை. ஊர்வலம் கடந்த கையோடு சப்பாத்துக் கடைக்காரர் வந்தார். கூடவே மேல்மாடியில் இருந்த மதாம், எங்கள் கட்டடத்துச் சொந்தக்காரி. பின்னால் உள்ளூர்ப் பத்திரிகையின் படப்பிடிப்பாளர் கமராவோடு. சப்பாத்துக்காரர் கூடையைக் காட்டி, இவர் கல் விற்கிறவர், என் கண்ணாடிக்கு இவர்தான் பதில் சொல்லவேண்டும் என்றார். மதாம் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பங்குனியில் என் வாடகை ஒப்பந்தம் முடிய இருந்தது. எனக்கு முன்பு அந்தக் கடையில் இருந்தவர் ஏதோ தேர்தல் சுவரொட்டி ஒட்டியதற்காக மதாம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை என்று தெருவுக்கே தெரியும். யார் கீறியது என்று மதாம் கேட்டார்.

நீ கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் தேத்தண்ணீர்க் கோப்பையோடு நின்றாய். உனக்கு என்னைவிடப் பிரெஞ்சு நன்றாக விளங்கும்.

எனக்குத் தெரியாது என்றேன். வெறும் மட்டையைத்தான் கட்டினேன், ஊர்வலத்தில் வந்த யாரோ என்னைக் கேலி செய்து கீறிவிட்டார்கள் என்றேன். சொல்லிக்கொண்டே மட்டையை உள்ளே எடுக்கிற சாட்டில், சட்டைப்பையில் கிடந்த ‘பாதி விலை’ ஒட்டிகளில் ஒன்றை உரித்து உன் கையெழுத்தின் மேல் ஒட்டினேன். செம்மஞ்சள் வட்டம். காலாவதியாகப் போகிற தயிருக்கு ஒட்டுகிறது. மதாமின் முகம் இளகியது. பாவம் நீங்கள் என்றார். சப்பாத்துக்காரரே என் தோளில் தட்டினார். படப்பிடிப்பாளர் மட்டையைப் படமெடுத்து, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

அவர்கள் போனதும் நீ கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாய். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கதவடியில் நின்று சொன்னாய்.

“நல்ல வியாபாரி நீ. என்னையும் வித்துப்போட்டாய்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். அதனால் நானும் சிரித்துவைத்தேன்.

திங்கட்கிழமை பத்திரிகையில் படம் வந்தது. ‘கீறியவர் யாரென்று தெரியவில்லை’ என்று கீழே ஒரு வரி. அந்தக் கிழமை கடைக்கு வந்த சனத்தைச் சொல்லி முடியாது. கறிவேப்பிலை என்றால் என்னவென்று தெரியாத சனமெல்லாம் வந்து, மட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்டுப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு போகக் கூச்சப்பட்டுக் கறிவேப்பிலை வாங்கியது. ஒரு வயதான மனுசி ஏரிக்கரையில் பொறுக்கிய கல்லொன்றை மேசையில் வைத்து இன்றைய விலை என்ன என்று கேட்டார். நிறுத்துச் சொன்னேன். விலை கூடிப்போச்சு என்று சொல்லிக் கல்லைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த சனிக்கிழமை நீ வரமாட்டாய் என்றுதான் நினைத்தேன். வந்தாய், கக்கத்தில் பத்திரிகைக் கட்டோடு. வாசகர் கடிதங்களை ஒவ்வொன்றாகக் குரல் மாற்றி நடித்து வாசித்தாய். அமைதியாக வந்தவர்களைக் கல்லெறிகாரர் ஆக்கிவிட்டது என்று ஒருவர். நாணயமான வியாபாரிகளை இழிவுபடுத்திவிட்டது என்று இன்னொருவர். மூன்றாவது கடிதத்தில் நீ மேலே வாசிக்க முடியாமல் அரிசி மூட்டையில் குந்திவிட்டாய். கறுத்த மீசைக்காரனைப் பேராசைக்காரனாகக் கீறியது வெளிநாட்டவர்மேல் உள்ள வெறுப்பு, கீறிய உள்ளூர்க்காரர் வெட்கப்படவேண்டும் என்று ஒரு கனவான் எழுதியிருந்தார்.

“ஐயோ, மச்சான், என்னை உள்ளூர்க்காரன் ஆக்கிப்போட்டார். பத்து வருசமா இஞ்சை இருக்கிற பெர்மிட்டுக்கு அலையிறன், இவர் ஒரு கடிதத்திலை குடுத்திட்டார்.”

இருவரும் கண்ணீர் வரச் சிரித்தோம். சிரித்து முடிய நீ என்னைப் பார்த்தாய். நான் மீன் நிறுக்கத் தொடங்கினேன். உன் பெயரைச் சொல்லப் பத்திரிகைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, அவ்வளவுதான் வேண்டியிருந்தது. பங்குனி கழியட்டும் என்று நினைத்தேன். பங்குனி கழிந்து மதாம் ஐந்து வருடத்துக்கு ஒப்பந்தம் எழுதினார். பிறகு, இனிமேல் எதற்கு என்று நினைத்தேன். நீ கேட்கவே இல்லை. சனிக்கிழமைகளில் வந்தாய், என் விலை மட்டைகளில் மீனும் கத்தரிக்காயும் கீறினாய், சித்திரை விலைக்கழிவுக்கு ஒரு யானை கீறினாய். ஆனால் அதற்குப் பிறகு என் கடையில் நீ கீறிய எதிலும் கையெழுத்து இல்லை. அதை நான் கவனித்தேன் என்பது உனக்குத் தெரியும்.

இனி நேற்றைய கதை. வந்தவள் நகரத்துக் கண்காட்சி ஒன்றுக்குப் பழைய ஊர்வலப் படங்கள் சேர்க்கிறவள். என் மகளின் வயதிருக்கும். பத்திரிகை நறுக்கைக் காட்டி, இந்த மட்டை இருக்கிறதா என்றாள். கண்காட்சியில் படத்துக்குக் கீழே வைக்கிற அட்டையைக்கூட அச்சடித்துக் கொண்டுவந்திருந்தாள்: ‘அறியப்படாத ஓவியர்’. முந்நூறு பிராங்க் தரலாம் என்றாள். தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்து இருத்தினேன். ஓவியர் அறியப்பட்டவர், நான்தான் அன்றைக்குப் பொய் சொன்னேன் என்றேன். இத்தனை வருடம் தொண்டைக்குள் கிடந்தது, பிரெஞ்சில் ஒரே மூச்சில் வந்தது. அவள் நம்பவில்லை. விலை ஏற்றக் கதை கட்டுகிறேன் என்று நினைத்தாள்; நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். அத்தாட்சி கேட்டாள்.

அத்தாட்சி அந்தச் செம்மஞ்சள் வட்டத்துக்குக் கீழே. இருபது வருடத்துக்கு மேலான பசை. உரித்தால் மட்டையின் தோலும் சேர்ந்து வரும், உன் பெயரும் போய்விடும், பிறகு நான் சாகும்வரை பொய்யன்தான். தொடாதீர்கள், ஆய்வுகூடத்துக்கு அனுப்புவோம் என்று அவள் பதறினாள். என் வாழ்நாளில் எத்தனை ஆயிரம் விலை ஒட்டி உரித்திருப்பேன்! மகளின் தலைமயிர் காயவைக்கிற மெஷினைக் கொண்டுவந்து தூரத்தில் பிடித்தேன். ஓரம் சுருண்டது. நகத்தால் இல்லை, வங்கி அட்டையின் விளிம்பால் மெல்லத் தள்ளினேன். அவசரப்படவில்லை, மச்சான். முதலில் நீ இழுத்த கோடு வந்தது. பிறகு ஊர். பிறகு பெயர், நேற்று எழுதியதுபோலக் கறுப்பாக. நான் கத்திவிட்டேன். கடைக்குள் நின்ற சனமெல்லாம் ஓடிவந்தது. அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் அவளும் கை தட்டினாள்.

உன் ஊரின் கடைசி எழுத்து மட்டும் ஒட்டியின் முதுகோடு வந்துவிட்டது. அந்த ஒட்டியை அவளுக்குக் கொடுக்கவில்லை. என் பர்சில், பெர்மிட் அட்டைக்குப் பின்னால் இருக்கிறது.

பிறகுதான் பேரம் பேசினோம். உன் மனிசிக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். அவ என்னைப் பேச விடவில்லை.

“விக்கிறதெண்டால் உங்களை விட்டால் ஆர் அண்ணை இருக்கினம். அவரின்ரை பேர் வரட்டும், அது காணும், காசு பெரிசில்லை.”

பேசி முடித்தது இதுதான். எண்ணூறு பிராங்க், உன் மனிசியின் பெயருக்கு. பழைய அட்டை குப்பைக்கு. புது அட்டையில் உன் முழுப்பெயரும் ஊரும், தமிழில் முதல், பிரெஞ்சில் பிறகு. அதற்குக் கீழே ஒரு வரி: ‘படத்தில் இருக்கும் கடைக்காரர், கீறியவரைத் தெரியாது என்று பொய் சொன்னார்.’ அந்த வரி வேண்டாம், உங்களுக்கு நல்லதில்லை என்று அவள் மறுத்தாள். அதை எடுக்கக்கூடாது என்பதற்காக, அவள் கேட்காமலே ஐம்பது பிராங்க் கழிவு கொடுத்தேன்.

எழுநூற்றைம்பது.