அழித்த பென்சில் எழுத்து

பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். மற்றபடி நலம் என்று எழுதக் கை வரவில்லை. திங்கட்கிழமை உன் தங்கையின் பள்ளி அலுவலகத்தில் நின்றுகொண்டு நான் சொல்லாமல் வந்தது ஒரே வரி: அவன் இவளுக்கு அண்ணன், நான்தான் அம்மா. அங்கே வராத வார்த்தை இங்கே வருகிறது, கேட்டுக்கொள்.

நம் வீட்டில் எந்தப் படிவமும் முதலில் பென்சிலில், பிறகுதான் பேனாவில். லீவுக்கு வந்த நீ, கிளம்புகிற அவசரத்திலும் அவளுடைய மேல்வகுப்புப் பாடப் படிவத்தை எடுத்து, இயற்பியல், வேதியியல், கணினி என்று தாள் குழியும்படி அழுத்தி எழுதிவைத்துவிட்டுப் போனாய். நீ பஸ் ஏறியதும் அவள் அதை ரப்பரால் அழித்தாள். புவியியலும் வரலாறும் எடுக்கப் போகிறேன், அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுதுகிறேன் என்று மேசையில் வைத்தாள். உன் அப்பாவைத்தான் தெரியுமே, இருபது வருஷமாக வெளுத்துப்போன கடைப் பலகைகளுக்கு மறுபடி வண்ணம் ஏற்றுகிற மனுஷன், மங்கின எழுத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. "பிள்ளை எழுதினது கலைஞ்சு போச்சே" என்று அந்தக் குழியிலேயே பேனாவை ஓட்டி, ஒரு கோடு பிசகாமல், கையெழுத்தும் போட்டு, வேலைக்குப் போகிற வழியில் பள்ளியில் கொடுத்துவிட்டார். விஷயம் தெரிந்ததிலிருந்து கழுவின தூரிகையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருக்கிறார். அவரை நான் ஒன்றும் சொல்லவில்லை.

சொல்வதெல்லாம் உன்னைத்தான். அழித்த தடம் தெரிகிறதே என்று டீச்சர் சந்தேகப்பட்டு உனக்குப் போன் செய்தாராம். பதிவேட்டில் உன் நம்பர்தான் இருக்கிறதாம், அதை எப்போது போய்க் கொடுத்தாய்? அழித்தது யார் என்று உனக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தே, "அதெல்லாம் சரிதான் டீச்சர், வீட்ல பேசி முடிவு பண்ணதுதான்" என்றாயாம். எந்த வீட்டில் பேசினாய், யாரோடு பேசினாய்? படிவத்தை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கப் போன என்னிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, "உங்க பையனுக்கு எவ்வளவு பொறுப்பும்மா" என்று அந்த டீச்சர் சிரித்தார். நானும் சிரித்துவைத்துவிட்டு, கேட்கப் போனதைக் கேட்காமலே வந்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

"மேப் பார்க்கத்தான் போன் இருக்கே, அதுக்கு ஒரு படிப்பா?" என்று லீவுக்கு வந்தபோதே உன் தங்கையைக் கேட்டாய். போன மழையில் தெருத் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று வாசல் வாசலாகக் குச்சி வைத்து அளந்து, அப்பாவின் பழைய தகரத்தின் பின்பக்கத்தில் வரைந்தாள். அதைப் பார்த்துத்தான் மூன்றாம் வீட்டுக்காரர் படியை உயர்த்திக் கட்டினார். நீ வந்து அந்தத் தகரத்தின் மேல் ஷூவைக் கழற்றிப் போட்டாய்.

அம்மாவுக்குக் கதைப் புத்தகம்தான் உலகம் என்பாய். பத்தொன்பது வயதில், உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு, பாதிப் படிப்பை விட்டவள் நான். அன்றைக்கும் என் நல்லதுக்கு என்றுதான் யாரோ முடிவு செய்தார்கள். நூலகத்திலிருந்து கொண்டுவந்து படிப்பதெல்லாம் அந்த மீதிப் பாதியைத்தான். இதை உன்னிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை, இனியும் சொல்லப் போவதில்லை.

வேளைக்குச் சாப்பிடு. கண்ணாடி போடாமல் திரையைப் பார்த்துவிட்டுத் தலைவலி என்று உட்காராதே. உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும், எந்தக் கோபத்திலும் அதை மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் இனி இந்த வீட்டுப் படிவம் எதிலும் உன் பென்சில் படக் கூடாது, மறக்காதே.

ஆசியும் கோபமுமாக,
அம்மா

இதை எழுதி முடித்த பிறகு, புதன்கிழமை பள்ளிக்குப் போய் அந்த வரியைச் சொன்னேன். உன் நம்பரை அடித்துவிட்டு என்னுடையதை எழுதிக்கொண்டார்கள். புவியியல் வகுப்பில் திங்கட்கிழமை ஓர் இடம் இருந்ததாம், செவ்வாய்க்கிழமை அது நிரம்பிவிட்டது. உன் தங்கை இயற்பியல் வகுப்புக்குப் போகிறாள்.