பாலம் வரைக்கும்தான் தவணை

இஞ்சாருங்கோ, கருவாடு காயப்போட வாடிக்குப் போகிறேன். சோறும் சூடைமீன் குழம்பும் அடுப்படியில் மூடியிருக்கு.

மத்தியானம் உங்கள் மகள் டினோஜா பிள்ளையோடு உயிலங்குளத்தில் இருந்து வருகிறாள். போன முறை மாதிரி உள்ளுக்கு இருந்துகொண்டு "இஞ்ச ஒருத்தரும் இல்லை" என்று கத்தாதேங்கோ. ஆளில்லாத வீட்டில் கத்தினது ஆர் என்று பேசாலை ஊரே சிரித்தது.

வெளிநாட்டுக்காரரோடு பேசுற உங்கள் ரேடியோவுக்கு மோர்ஸ் தட்டுற கட்டையைப் பூட்டினபோது வயர் மாறி, புள்ளி தட்டினால் கோடு போனது. ஒரு கிழமை பொறுமையாய்க் கழற்றிக் கழற்றிப் பூட்டினீர்கள். அகதி முகாமில் தண்ணி வரிசையில் கண்ட, மாதாகோயிலுக்கு வராத சைவப் பெடியனை மகள் கட்டினதுக்கு மட்டும் பொறுமை இல்லை. முகம் தெரியாத ரஷ்யாக்காரன் தட்டினால் உடனே பதில் தட்டுகிறீர்கள். பெற்ற பிள்ளை கதவைத் தட்டினால் செவிடு. நீங்கள் செத்தால் சவப்பெட்டி தூக்க அந்த ரஷ்யாக்காரனா வருவான்?

அன்ரோனெற்

மறந்துபோனேன்: கட்டையை மேசையில் தேடாதேங்கோ. கழற்றிக்கொண்டு போகிறேன், பஸ்ஸடியில் டினோஜாவிடம் கொடுப்பேன். கதவைத் திறந்தால் பேரன் அதைச் சூப்பிக்கொண்டு நிற்பான். திறக்காவிட்டால், திரும்பிப் போகும்போது பாலத்தில் இருந்து கடலுக்குள் எறிவாள். எறியச் சொன்னது நான்தான்.