டேங்க் மூடியில் ஒட்டிய டேப்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

நேற்று சுரங்கப்பாதை நடுவில் என் பழைய பைக் நின்றுவிட்டது. டேங்கில் பெட்ரோல் நிறைய இருந்தது. பின்னால் வந்த லாரி ஒரு முழம் தள்ளி நின்றது. “வீட்ல சொல்லிட்டு வந்தியா?” என்று டிரைவர் கத்தினார். பயப்படாதீர்கள், கீறல்கூட இல்லை.

மழைநீர் இறங்காமலிருக்க டேங்க் மூடியில் டேப் ஒட்டியிருந்தேன். அது மூடியிலுள்ள காற்றுத் துளையை அடைத்ததால் எஞ்சினுக்குப் பெட்ரோல் இறங்கவில்லையாம். “மூக்கைப் பொத்திட்டு ஓடச் சொன்னா எப்படி ஓடும் தம்பி?” என்று மெக்கானிக் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. போன கடிதத்தில் உங்கள் வண்டிக்கும் அப்படி ஒட்டச் சொல்லியிருந்தேனே!

வண்டியை எடுக்குமுன் அதைப் பிய்த்துவிடுங்கள். பிய்த்துவிட்டதாக ஒரு வரி எழுதுங்கள். அது வரும்வரை எனக்குச் சோறு இறங்காது.

உங்கள் மூத்தவன்