சாட்சிக் கூண்டில் சத்தம் போட்ட பம்ப்

இலோய்லோ,
ஞாயிறு காலை

அன்பு மகள் ஜூவிக்கு அம்மா எழுதுவது.

நாங்கள் இங்கே நலம். நலம் என்றால் உன் அப்பா நலம், கடை நலம், என் உடம்பும் நலம், மனசு மட்டும்தான் அடுப்பில் வைத்த சூப்புச் சட்டி மாதிரி கொதித்துக்கொண்டே இருக்கிறது. அங்கே கார்க்கில் மழை விட்டதா, உன் இருமல் போனதா, ராத்திரி டியூட்டி முடிந்து வந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறாயா. போனிலேயே பேசலாமே, எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்து இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நீ மகளாக இல்லாமல் நர்ஸாகிவிடுகிறாய். கோபப்படாதீங்கம்மா, கோபப்பட்டா சர்க்கரை ஏறும் என்கிறாய். கோர்ட்டில் நடந்ததை நான் சொல்ல ஆரம்பித்ததுமே, ஒரு சால்வையைப் போட்டு மூடிக்கிட்டுப் போயிருக்கலாமே என்றாய் பார், அந்த ஒரு பேச்சுக்காகத்தான் கடையை உன் அப்பாவிடம் விட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். உன் தோழி ரோவெனா லீவில் வந்திருக்கிறாள், அவள் திரும்பும்போது கொடுத்தனுப்புகிறேன். குறுக்கே பேச முடியாதபடி முழுவதும் படி.

வழக்கு உனக்குத் தெரியும், ஆனாலும் முதலிலிருந்தே சொல்கிறேன். நம் கடைக்கு எதிரே, சந்தைக்குத் திரும்பும் முனையில், டிரைசைக்கிள் ஓட்டும் ரெனாந்தே சவாரிக்காக வண்டியை ஓரமாக நிறுத்திக்கொண்டிருந்தான். பின்னால் வந்த வெள்ளைக் கார் அவன் வண்டியை இடித்துத் தள்ள, அந்த வண்டி போய் மீன் விற்கிற பெலென் அக்காவின் மேல் சாய்ந்தது. அக்காவுக்குக் கால் முறிந்தது. கார் நிற்கவே இல்லை. நான் கடையில் கிண்ணத்தில் பாச்சோய் நூடுல்ஸ் சூப்பு ஊற்றிக்கொண்டே என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன், ஓட்டியவன் இரும்புக்கடைக்காரர் மகன். ஆனால் போலீஸ் பிடித்தது ரெனாந்தேயை, அவன் வண்டிதானே அக்காவின் மேல் கிடந்தது. இதில் இன்னொரு அநியாயம் கேள். பாவம், பெலென் அக்காவுக்கு உதவுகிறோம் என்று சொல்லிக்கொண்டு அவளுக்கு வக்கீல் வைத்துக் கொடுத்ததே அந்த இரும்புக்கடைக் குடும்பம்தான். எதற்கு? பழி ரெனாந்தே தலையிலேயே இருக்கட்டும் என்பதற்கு. வக்கீல் பெயர் பாலாசியோ. தலைக்குப் போட்ட எண்ணெயில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும், அப்படி ஒரு ஆள்.

ரெனாந்தே பக்கம் சாட்சி சொல்ல நான் ஒருத்திதான் ஒப்புக்கொண்டேன். முதல் நாளே உன் சித்தி நிம்ஃபா வந்து, அந்த மெஷினை ஒரு நாளைக்கு வீட்டில் வைத்துவிட்டுப் போ, நாலு பேர் பார்க்கிற இடம் என்றாள். இன்சுலின் பம்ப் என்றால் கழற்றி ஆணியில் மாட்டுகிற கைப்பை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். கழற்றி வைத்தால் மத்தியானத்துக்குள் சர்க்கரை எங்கேயோ போய் நான் வாந்தி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடப்பேன் என்று எத்தனை முறை சொல்வது. சின்ன வயதிலிருந்து ஊசி போட்டுப் போட்டு வயிறெல்லாம் கட்டி கட்டியாகி, இப்போதுதான் நீ அனுப்பிய இந்த மெஷினால் நிம்மதியாகச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். ஆனால் தெருவில் இறங்கினால் அந்த நிம்மதி இல்லை. பூசை நடுவில் பம்ப் ஒரு தடவை கூவியதற்கு, செல்போனை அணைக்கத் தெரியாதவர்கள் வீட்டிலேயே ஜெபம் செய்யலாம் என்று சாமியார் மைக்கிலேயே சொன்னார். மாலில் காவலுக்கு நிற்கிற பெண் ஏதோ திருடிச் செருகியிருக்கிறேன் என்று இடுப்பைத் தட்டிப் பார்த்தாள். ஜீப்பில் பக்கத்தில் உட்கார்ந்த ஆள் குழாயைப் பார்த்துவிட்டு, ஒட்டிக்கொள்ளுமோ என்று தள்ளி உட்கார்ந்தான். அதையெல்லாம் சிரித்தபடியே சமாளித்திருக்கிறேன், ஐயா இது மருந்து, அம்மா இது மருந்து என்று பதில் சொல்லிச் சொல்லி. கோர்ட்டில்தான் என்னால் சிரிக்க முடியவில்லை.

அன்றைக்குப் பயத்தில் காலையில் போட்ட சோற்றைப் பாதிதான் சாப்பிட்டேன், மருந்தோ முழுச் சாப்பாட்டுக்கும் ஏற்றியாகிவிட்டது. சீக்கிரம் கூப்பிடுவார்கள் என்று பார்த்தால் வேறு வழக்கெல்லாம் முடிந்து வெகுநேரம் கழித்துத்தான் என் பெயரைக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறி, சத்தியம் செய்யக் கையை உயர்த்தியதும் ரவிக்கை மேலே ஏறி, குழாய் கொஞ்சம் வெளியே தெரிந்திருக்கிறது. ரெனாந்தேயின் வக்கீல் கேட்டதற்கெல்லாம் பார்த்தது பார்த்தபடி சொன்னேன். அடுத்து பாலாசியோ எழுந்து, கார் என்ன நிறம், எவ்வளவு தூரம் என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே பம்ப் கூவியது. சர்க்கரை இறங்குகிறது என்று அர்த்தம். நான் குனிந்து அதைப் பார்த்தேன். அவ்வளவுதான். அந்த மனிதர் தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி நீதிபதி அம்மாவைப் பார்த்துத் திரும்பி, சாட்சி உடம்பில் ஒயர் மாட்டியிருக்கிறார், வெளியிலிருந்து யாரோ பதில் சொல்லிக் கொடுக்கிறார்கள், குனிந்து படித்துவிட்டுத்தான் பதில் சொல்கிறார், உடனே அந்தக் கருவியைப் பறிமுதல் செய்ய வேண்டும் என்றார். கோர்ட் காவலர் என் இடுப்பை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டு வந்தார். நான் இரண்டு கையாலும் பம்பைப் பொத்திக்கொண்டேன். "இதைத் தொட்டீங்கன்னா நான் இங்கேயே விழுந்துடுவேன், அப்புறம் எனக்குத்தான் நீங்க எல்லாரும் சாட்சி சொல்லணும்" என்றேன்.

கை நடுங்க ஆரம்பித்துவிட்டது, முதுகெல்லாம் வியர்வை. பையிலிருந்து ஜூஸ் டப்பாவை எடுத்தேன். கோர்ட்டுக்குள் தின்பதும் குடிப்பதும் கூடாது என்று அதற்கும் எழுந்து ஆட்சேபம் சொன்னார். நான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, ஸ்ட்ராவைக் குத்திக் குடித்தேன். நீதிபதி அம்மா நல்லவர், குடிக்கட்டும், உட்காருங்கள் வக்கீலே என்றார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு, இது இன்சுலின் போகிற மெஷின், குழாய் வயிற்றில் போய் முடிகிறது, காதில் இல்லை என்று சொன்னேன். அதற்கு அந்த ஆள் என்ன சொன்னார் தெரியுமா. வாய்ப்பேச்சை எப்படி நம்புவது, ரவிக்கையைத் தூக்கிக் காட்டட்டும் என்றார். இத்தனை பேர் நடுவில், ஜூவி. ஆண்கள், பெண்கள், வேறு வழக்குக்கு வந்து விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள், எல்லார் நடுவிலும். உன் அப்பா வாழ்நாளில் யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவர், கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். காவலர் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நின்றுகொண்டே இருந்தார். எனக்கு அழுகை வந்தது, அழுதால் அந்த மனிதர் ஜெயித்த மாதிரி ஆகுமே என்று விழுங்கிக்கொண்டேன்.

நீதிபதி அம்மா குரலை உயர்த்தவில்லை. இங்கே யாரும் எதையும் தூக்க வேண்டாம், என் அறையில் ஒரு பெண் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னால் போதும் என்று சொல்லி, கீழே உட்கார்ந்து எல்லாவற்றையும் தட்டச்சு செய்துகொண்டிருந்த டெல்ஃபாவைக் கூப்பிட்டார். முப்பது வயதிருக்கும், முகத்தில் ஒரு ஈரமும் இல்லாத பெண், கல் மாதிரி உட்கார்ந்து யார் என்ன சொன்னாலும் தட்டிக்கொண்டிருப்பாள். அறைக்குள் போனதும் கதவைச் சாத்தினாள். நான் ரவிக்கையைக் கொஞ்சம் விலக்கி, குழாய் போய் ஒட்டியிருக்கிற இடத்தைக் காட்டினேன். பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தன் சட்டையின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள். என் வயிறு இருந்த மாதிரியே கட்டி, தழும்பு, நீலம். "எனக்கும் சின்ன வயசுலேர்ந்தே இருக்கு அக்கா. இங்கே வேலைக்குச் சேர்ந்ததிலேர்ந்து பாத்ரூம்லதான் ஊசி போட்டுக்கறேன். யாருக்கும் தெரியாது, நீதிபதியம்மாவுக்கும் தெரியாது" என்றாள். அந்தப் பாத்ரூமுக்கு நான் காலையில்தான் போயிருந்தேன், தாழ்ப்பாள் கிடையாது, தரையெல்லாம் தண்ணீர். ஏன் மறைக்கிறாய் என்றேன். மயங்கி விழுகிறவளைத் தட்டச்சுக்கு வைக்க மாட்டார்கள் என்று யாரோ சொன்னார்களாம். சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு, அதே கல் முகத்தோடு வெளியே போய், சாட்சி சொன்னது உண்மை, அது மருந்துக் கருவி என்று சொல்லிவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

அதோடு விட்டாரா அந்த வக்கீல் என்றால் இல்லை. ஒயர் இல்லை என்றானதும் நோயைப் பிடித்துக்கொண்டார். அப்படியானால் சாட்சிக்குச் சர்க்கரை இறங்கும்போது கண் மங்கும், புத்தி தடுமாறும் இல்லையா, விபத்து நடந்த அன்றைக்கும் தடுமாறியிருக்கலாம் இல்லையா, இப்படிப்பட்டவர் பேச்சை எப்படி நம்புவது என்று ஆங்கிலத்தில் நீட்டி முழக்கினார். எனக்கு அதற்குள் உடம்பு தெளிந்துவிட்டது, பம்பும் அடங்கிவிட்டது. நான் நம் பாஷையில் பதில் சொன்னேன். "தடுமாறும், ஐயா. தடுமாறப் போகுதுன்னு இந்த மெஷின் எனக்கு முன்னாடியே சொல்லிடும், அப்ப நான் வாயை மூடிக்கிட்டு ஜூஸ் குடிப்பேன், இப்ப குடிச்ச மாதிரி. அன்னைக்கு அது சத்தமே போடலை. உங்களுக்குத் தடுமாறும்போது யாரு சொல்றாங்க?" கோர்ட்டில் மொழிபெயர்க்கிற பெரியவர் பயந்துபோய், முன்னால் சொன்னதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசி வரியை மட்டும் முழுங்கிவிட்டார். நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முழுவதையும் சொல்லுங்கள், அந்தப் பாஷை எனக்கும் தாய்மொழிதான் என்றார். பெரியவர் அதையும் ஆங்கிலத்தில் சொன்னார். பெஞ்சுகளில் ஒரே சிரிப்பு. நீதிபதி அம்மா மேசையைத் தட்டி அடக்கினார், சாட்சி வக்கீலைக் கேள்வி கேட்கக் கூடாது என்று எனக்கும் ஒரு குட்டு வைத்தார். சரி என்று வாங்கிக்கொண்டேன். டெல்ஃபா மட்டும் சிரிக்கவே இல்லை, தட்டிக்கொண்டே இருந்தாள்.

வீட்டுக்கு வந்தால் நிம்ஃபா வாசலிலேயே காத்திருக்கிறாள். ஊரெல்லாம் பேச்சாகிவிட்டதாம், மானம் போயிற்றாம். யார் மானம் என்று கேட்டேன். ரவிக்கையைத் தூக்கு என்று கேட்டவனுக்குப் போகாத மானம் எனக்கு மட்டும் எப்படிப் போகும். நீயும் சால்வை என்கிறாய். சால்வை போட்டிருந்தால் அந்த மனிதர் சால்வைக்குள் என்ன என்று கேட்டிருப்பார். நான் என்ன திருட்டுச் சாமானா வைத்திருக்கிறேன், உயிரை வைத்திருக்கிறேன். கண்ணாடி போட்டவரைக் கண்ணாடியை மறைத்துக்கொண்டு வா என்று யாராவது சொல்கிறார்களா. கூவுகிறதே என்று என்னை முறைக்கிறவர்கள், அது கூவாமல் நான் அவர்கள் காலடியில் விழுந்தால் என்ன செய்வார்கள், தாண்டிக்கொண்டு போவார்களா. நீ ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேருக்கு இதே பம்பை மாட்டிவிடுகிறாய். அவர்களிடமும் மூடிக்கொள்ளுங்கள் என்றா சொல்லி அனுப்புகிறாய். சொல்லாதே அம்மா. பதில் சொல்லக் கற்றுக்கொடு. சிரித்துக்கொண்டு சொல்ல வேண்டிய இடத்தில் சிரித்துக்கொண்டு, கத்த வேண்டிய இடத்தில் கத்தி. உன் மேல் கோபம் இல்லை, இருந்தது, இப்போது எழுதி எழுதிக் கரைந்துவிட்டது.

அடுத்த விசாரணைக்கும் நான் போனேன். எனக்கு அன்றைக்கு அங்கே வேலை இல்லை, ஆனாலும் போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். பெலென் அக்கா கம்பை ஊன்றிக்கொண்டு வந்திருந்தாள். பாலாசியோ எழுந்து பேச வாயெடுத்ததும் அவளும் எழுந்தாள். இந்த வக்கீலை நான் வைக்கவில்லை, எனக்கு இவர் வேண்டாம் என்று நீதிபதியிடம் நேராகச் சொன்னாள். "பெர்லிட்டாகிட்ட துணியத் தூக்குன்னு சொன்னவர் எனக்காகப் பேச வேண்டாம். என்னை இடிச்சது ரெனாந்தே வண்டி, அவன் வண்டிய இடிச்சது யாருன்னு கேளுங்க" என்றாள். அந்தக் காரைப் பற்றி விசாரித்து வரும்படி போலீசுக்கு உத்தரவாயிருக்கிறது. தீர்ப்பு இன்னும் வரவில்லை, ரெனாந்தே கொஞ்சம் முகம் தெளிந்து வண்டி ஓட்டுகிறான். நம் கடைக்கு அவன் மனைவி தினமும் வந்து பாத்திரம் கழுவட்டுமா என்று கேட்கிறாள், ஒன்றும் வேண்டாம் போ என்று திட்டி அனுப்புகிறேன்.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. மத்தியான இடைவேளை என்று நீதிபதி அம்மா சொன்னார், ஆனால் உடனே எழுந்து போகவில்லை, ஏதோ காகிதம் பார்த்துக்கொண்டிருந்தார். வக்கீல்கள் அங்கங்கே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். டெல்ஃபா தட்டச்சை நிறுத்தினாள். மேசை இழுப்பறையைத் திறந்து சோற்று டப்பாவை எடுத்து வைத்தாள், அதற்குப் பக்கத்தில் இன்சுலின் ஊசியை எடுத்து வைத்தாள். வழக்கமாக எழுந்து போகிற கதவைப் பார்த்தாள். பிறகு போகாமல், உட்கார்ந்த இடத்திலேயே சட்டையின் ஓரத்தை ஒரு விரல் அளவு நகர்த்தி, எல்லார் நடுவிலும் போட்டுக்கொண்டாள். நீதிபதி அம்மா நிமிர்ந்து பார்த்தார். முன்னால் இருந்த மின்விசிறியை மட்டும் அவள் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு எழுந்து போனார். டெல்ஃபா டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தாள், அப்போதுதான் முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

உனக்கு நல்ல உறக்கமும், நல்ல மனிதர்களும், நேரத்துக்குச் சூடான சோறும் கிடைக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். அப்பாவும் உன் தலையில் கை வைத்ததாக எழுதச் சொன்னார். உலர்ந்த மாம்பழம் ரோவெனா பையில் இருக்கிறது, பங்கு போட்டுத் தின்னு. இங்கே வேர்வையில் பம்ப் ஒட்டுகிற பட்டை சீக்கிரம் உரிந்துவிடுகிறது, நன்றாக ஒட்டுகிறதாகப் பார்த்து அனுப்பு, டெல்ஃபா இந்த மெஷினைப் பற்றிக் கேட்கிறாள், அவளிடமும் ஒரு நாள் பேசு.

என்றும் உன் நினைவாக,
உன் அம்மா
பெர்லிட்டா