எச்சில் பட்ட யாளி

12-2-1968
இன்றைக்கும் என் வீட்டுக்காரர் காபி டம்ளரைக் கீழே போட்டார். டம்ளர் வழுக்குகிறதாம். வழுக்குவது டம்ளரா, கையா? வயிற்றுவலி வேறு. கோயில் யாளி வாகனத்துக்கு வர்ணம் தீட்டுகிற கை அது. அந்தக் கை போய்விட்டால் இவர் என்ன ஆவார்? பயமாக இருக்கிறது.

19-2-1968
டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். கையை நீட்டச் சொன்னார். மணிக்கட்டு தொங்கியது. ஈறு ஓரத்தில் நீலக் கோடு. இவர் தீட்டுகிற வர்ணத்தில், சபேதா வெள்ளையிலும் செந்தூரச் சிவப்பிலும், ஈயம் இருக்கிறதாம். முனை கூராக வரட்டும் என்று இவர் பிரஷை நாக்கில் வைத்து இழுக்கிறாரே, அந்த வழியாக உள்ளே போயிருக்கிறது. நிறுத்தினால் கை தேறும் என்றார். அங்கேயே அழுதுவிட்டேன், சந்தோஷத்தில்தான்.

20-2-1968
நிறுத்தவில்லை. "எங்கப்பாவும் இப்டித்தாம்மா முனை எடுத்தாரு" என்கிறார். மாமனார் கடைசியில் எப்படிக் கிடந்தார் என்று கேட்க வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

26-2-1968
ஒளிந்து ஒளிந்து நக்குகிறார், திருட்டுப் பூனை.

3-3-1968
யாளியின் பல்லுக்கு வெள்ளை தீட்டிக்கொண்டிருந்தார். பிரஷ் நாக்குக்குப் போனது. எனக்கு வந்ததே கோபம்! என்னென்னவோ கத்த நினைத்தேன், வாயில் வந்தது இதுதான்:
"பெருமாள் ஏறுற வாகனத்துல போய் எச்சிலைப் பூசிக்கினு இருக்கீங்களே?"
மனிதர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் உப்புப் பார்த்த குழம்பைச் சாமிக்குப் படைக்க விடாதவர் இவர். இத்தனை வருஷமாக இது எங்கள் யாருக்குமே தோன்றவில்லையே!
"பட்டர் காதுல போட்டுடாதம்மா" என்றார், மெதுவாக.
டாக்டர் பேச்சு ஏறாத மண்டையில் இது ஏறிவிட்டது. அடித்த வெள்ளை முழுவதையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறார்.

9-3-1968
கொட்டாங்குச்சியில் தண்ணீர். பிரஷை நனைத்து விளிம்பில் உருட்டினால் முனை வருகிறது. இவ்வளவுதானா விஷயம்? இதற்கா இத்தனை பாடு?

30-5-1968
யாளி புறப்பாடு. "பல்லு ஜோரா வந்திருக்கேடா, தர்மா" என்றார் சக்ரவர்த்தி பட்டர். நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் சிரித்து மாட்டியிருப்போம். வயிற்றுவலி போயே போய்விட்டது. திரும்பும்போது வடையாக வாங்கித் தின்றார்.

17-8-1968
ரவிக்கை தைக்க உட்கார்ந்தேன். ஊசியில் நூல் நுழையவில்லை. நுனியை வாயில் வைத்தேன்.
"அம்சா, எச்சில்" என்று திண்ணையிலிருந்தே கையை நீட்டி அதட்டினார்.
வந்துவிட்டார் பெரிய மடி மனிதர் என்று திட்டத்தான் நிமிர்ந்தேன். நீட்டிய கை தொங்காமல் நேராக நின்றது.
அப்புறம் எனக்கு ஊசியும் தெரியவில்லை, நூலும் தெரியவில்லை.